மாசிப்பனியும் ஒரு மசாலா தோசையும்

ஊருக்கு ரெலிபோன் எடுத்தால் அம்மா கேட்கிற முதல் கேள்வி, "அங்க வெயில் எப்பிடி தம்பி?" என்பதுதான். "குளிருது அம்மா" என்றால் சிரிப்பா. வளைகுடா என்றால் பன்னிரண்டு மாதமும் கொதிக்கும் என்று எங்கட சனத்துக்கு ஒரு நினைப்பு.

2017 பெப்ரவரி 3 ஆம் திகதி ராஸ் அல் கைமாவின் ஜெபல் ஜைஸ் மலையில் மைனஸ் 2.2 பாகை குளிர் பதிவானது. மலை உச்சி வெள்ளையாய்க் கிடந்தது. நான் இருக்கிற அபுதாபி கடலுக்குள் கிடக்கிற ஒரு தீவு. இங்கே அப்பிடிக் கொட்டாது. ஆனால் தை, மாசி விடியப்புறங்களில் எங்கட குசினியில் தேங்காயெண்ணெய் போத்தலுக்குள்ளேயே உறைந்து நிற்கும். தோசைமா புளிக்காது. சட்டியை அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துக் காவல் இருக்கவேணும்.

குளிரைவிடப் பொல்லாதது பனிப்புகார். பகலில் கடற்காற்று ஈரத்தைக் கொண்டுவந்து போடும். முகில் இல்லாத நீண்ட இரவில் மணல் கெதியாய்க் குளிரும். விடியமுன் அந்த ஈரம் புகாராகித் தரையோடு படுத்துவிடும். (பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருசத்தோடு விட்ட புவியியல் இதுக்காவது உதவுது.) 2008 மார்ச் 11 காலை அபுதாபி - துபாய் நெடுஞ்சாலையில் இந்தப் புகாருக்குள் வாகனங்கள் ஒன்றோடொன்று மோதி எரிந்ததும், சனம் செத்ததும் இங்கே பழைய ஆட்களுக்கு இன்னும் மறக்கவில்லை.

போன வருசம் மாசியில் ஒருநாள். எதிர்ப்பக்கக் கட்டடமே தெரியவில்லை. ஏழு மணிக்கு ஒரு மசாலா தோசை, இரண்டு வடை ஓடர் வந்தது. டெலிவரிப் பொடியன் திருநெல்வேலிப் பக்கம். "அண்ணே, கொஞ்சம் வெளுக்கட்டுமே" என்றான். வாடிக்கையாளர் இரண்டாம் தரம் போன் எடுத்துவிட்டார். முதலாளி என்னைப் பார்த்தார். நான் பொடியனைப் பார்த்து, "மெதுவா போயிட்டு வா தம்பி" என்றேன். சுற்றுவட்டத்தில் ஈரத்தில் சறுக்கி விழுந்தான். மணிக்கட்டு முறிந்தது. ஆறு கிழமை வேலையில்லை, அரைச் சம்பளம். தோசை ஆறிப்போச்சு என்று அந்த வாடிக்கையாளர் பிறகும் போன் எடுத்தார்.

அனுப்பினது நான்தான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

வெயிலுக்கு இங்கே சட்டம் இருக்கு. ஜூன் 15 முதல் செப்டெம்பர் 15 வரை மதியம் 12.30 இலிருந்து 3 மணி வரை வெளியில் வெயிலுக்குள் வேலை வாங்கக்கூடாது. நல்ல சட்டம். புகாருக்கும் அபுதாபியில் வேகத்தை 80 கிலோமீற்றருக்குக் குறைக்கிறார்கள். லொறிகளையும் தொழிலாளர் பஸ்களையும் மறிக்கிறார்கள். அதுவும் நல்லது. ஐம்பது பேரோடு போகிற பஸ்ஸுக்கு ஆபத்து என்றால் இரண்டு சில்லில் போகிறவனுக்கு ஆபத்தில்லையா? சிவப்பு எச்சரிக்கை வந்த விடியலில் சாப்பாட்டு ஓடரையும் எல்லாக் கடையும் நிறுத்தவேணும். அது விதியாக இருக்கவேணும், முதலாளியின் மனசைப் பொறுத்ததாக இருக்கக்கூடாது.

"மாட்டேன் என்று பொடியனே சொல்லியிருக்கலாமே" என்பீர்கள். சொல்லேலாது. எனக்கும் ஏலாது. 1951 ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் இந்த நாடு சேரவில்லை. நான் ஊரில் அகதி, இங்கே வெறும் வேலை விசா. வேலை போனால் விசாவும் போகும். பொடியனுக்கு ஊரில் கடன்.

மாசிப்பனி மச்சையும் துளைக்கும் என்பார்கள் எங்கட பெரியவர்கள். மச்சு உள்ளவனின் கவலை அது. தலைக்கு மேலே ஹெல்மெற் மட்டும் உள்ளவனைப் பற்றி யார் யோசிப்பது?

சட்டம் வரும்போது வரட்டும். அதுவரைக்கும் ஒரு சின்னக் கேட்பு. நாளைக்குக் காலையில் யன்னலைத் திறந்து பாருங்கோ. எதிர்க் கட்டடம் தெரியாவிட்டால் ஒன்பது மணிக்குப் பிறகு ஓடர் பண்ணுங்கோ. தோசை எங்கேயும் ஓடிப்போகாது.