தானாக அணையும் ஹீட்டர்

மார்கழி விடியலில் அன்னூர்ப் பக்கத்துத் தோட்டத்து வீடுகளில் இன்றும் அந்தக் காட்சி மிச்சமிருக்கிறது. கொல்லையில் மூன்று கல் அடுப்பு, மேலே அடி கரிபிடித்த அண்டா, கீழே எரியும் தென்னை மட்டை. புகை கண்ணைக் கரிக்கும். ஆனாலும் அது வெட்டவெளியில் கலைந்து போய்விடும். புது வீடு கட்டியவர்கள் அந்த அடுப்பை எடுத்துவிட்டுக் குளியலறைச் சுவரில் கேஸ் கீசரை மாட்டினார்கள். வெந்நீர் நொடியில் வந்தது. புகை போகும் வழியைத்தான் பல வீடுகளில் யாரும் யோசிக்கவில்லை.

"கொஞ்ச நேரத்துல தானா அணைஞ்சு போகுதுங்க." மெக்கானிக்கிடம் கீசரைப் பற்றிச் சொல்லும் வழக்கமான புகார் இது. ஊட்டி, கோத்தகிரி பக்கம் புகைபோக்கி இல்லாத கேஸ் ரூம் ஹீட்டர் வைத்திருப்பவர்களும் இதையேதான் சொல்கிறார்கள். உடனே சிலர் கேட்பது: "அந்த சென்சாரைக் கழட்டி விட்டுடலாமா?" கூடாது. அதைக் கழற்றித் தருகிறேன் என்கிற மெக்கானிக்கை வாசலோடு திருப்பி அனுப்ப வேண்டும்.

அந்தக் கருவிக்குள் நடப்பதைக் கிட்டப் போய்ப் பார்த்தால் காரணம் விளங்கும். நல்ல ஹீட்டரில் பைலட் என்கிற குட்டிச் சுடர் ஒன்று எப்போதும் எரியும். அதன் நுனி தெர்மோகப்பிள் என்கிற சிறு உலோகக் கம்பியைத் தொட்டுக்கொண்டிருக்கும். கம்பி சூடாக இருக்கும்வரை சில மில்லிவோல்ட் மின்சாரம் உண்டாகி, கேஸ் வால்வைத் திறந்து பிடித்திருக்கும். காற்றில் இயல்பாக 21 சதவீதம் இருக்கிற ஆக்சிஜன் 18 சதவீதத்துக்குப் பக்கமாக இறங்கியதும், சுடர் கம்பியை விட்டு எழும்பி விலகும். கம்பி ஆறும், வால்வு மூடும். கழற்றக் கேட்கிற சென்சார் இதுதான். கீசர் வேறு வகை. பலவற்றில் 20 நிமிடத்தில் அணைக்கும் டைமர் இருக்கும். இரண்டும் செய்வது ஒரே காவல் வேலை.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு கிலோ சமையல் கேஸ் முழுதாக எரிய, ஏறக்குறைய 12 கன மீட்டர் காற்றில் உள்ள ஆக்சிஜன் முழுவதும் தேவை. பத்துக்குப் பத்து அறை, பத்தடி உயரம் என்றால் உள்ளே இருப்பதே 28 கன மீட்டர் காற்றுதான். கதவு, ஜன்னலை அடைத்துவிட்டால் நிலைமை என்னவாகும் என்று சொல்லத் தேவையில்லை. குளியலறை அதைவிடச் சின்னது. ஊட்டியோ சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தமே கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய கால் பங்கு குறைவு.

2020 ஜனவரியில் நேபாளத்தின் தாமன் மலைவாசத்தலத்துக்குச் சுற்றுலா போன கேரளத்தவர் 8 பேர் ஒரே அறையில் இறந்தார்கள். அதில் 4 பேர் குழந்தைகள். குளிருக்கு கேஸ் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு, கதவைத் தாழிட்டு, ஜன்னல்களையும் மூடிப் படுத்தவர்கள். தாமனும் ஊட்டியைப் போலவே 2,300 மீட்டர் அளவு உயரம் கொண்ட ஊர்.

ஆக்சிஜன் போதாமல் எரிகிற தீ கார்பன் மோனாக்சைடைக் கக்கும். அதற்கு நிறமும் மணமும் கிடையாது. கேஸ் கசிந்தால் மூக்கு சொல்லிவிடும், ஏனென்றால் அதில் வாசனைப் பொருள் கலந்திருக்கிறார்கள். இந்த விஷத்துக்கு அப்படி எதுவும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தை, அதைவிட இருநூறு மடங்குக்கு மேலான பிடியோடு இது பிடித்துக்கொள்ளும். குளியலறையில் மயங்கி விழுந்தவர்களைப் பார்த்த நம் நாட்டு நரம்பியல் மருத்துவர்கள் இதற்கு 'கேஸ் கீசர் சிண்ட்ரோம்' என்றே பேர் வைத்துவிட்டார்கள்.

கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்சிமீட்டர் இங்கே உதவாது. விரலில் மாட்டினால் 98 என்று காட்டும். விஷம் ஏறிய ரத்தத்தையும் அது நல்ல ரத்தமென்றே படிக்கும். வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி, குமட்டல், வெளியே வந்தால் தெளிகிறது என்றால் அதுதான் அடையாளம். ஆளை வெளிக்காற்றுக்கு இழுத்து வந்துவிட்டு 108-ஐ அழைக்க வேண்டும்.

மெக்கானிக் பார்க்க வேண்டிய கோளாறுகளும் உண்டு. தீ நீலமாக இல்லாமல் மஞ்சளாக எரிந்தாலோ, சுவரில் கரி படிந்தாலோ, காற்று போகும் துளையில் தூசி அடைத்திருக்கலாம். கோடை முழுக்கச் சும்மா கிடந்த ஹீட்டரின் பைலட் குழாயில் சிலந்தி வலை கட்டியிருக்கும். பைலட் பற்றி, திருகிலிருந்து கையெடுத்ததும் அணைந்தால், தெர்மோகப்பிளைத் துடைக்கவோ மாற்றவோ வேண்டும். இதெல்லாம் சில நூறு ரூபாய் வேலை. பற்றி நன்றாக எரிந்து, அரை மணி கழித்து அணைகிறதென்றால் முதலில் பார்க்க வேண்டியது அறையைத்தான்.

கனடாவிலும் அமெரிக்காவின் கலிபோர்னியாவிலும் புகைபோக்கி இல்லாத கேஸ் ஹீட்டரை வீட்டுக்குள் வைக்க அனுமதி இல்லை. இங்கே குளியலறைக்குள் கீசரை மாட்டிக்கொடுத்து, பில்லைக் கையில் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். விற்கிற கடையே பொறுப்பேற்க வேண்டும். கீசர் வெளிச்சுவரில், வெந்நீர்க் குழாய் மட்டும் உள்ளே. இதற்கு ஒப்பாத வீட்டுக்கு விற்கக் கூடாது. மலையில் அறை வாடகைக்கு விடுகிறவர்கள் கேஸ் ஹீட்டரும் கரி அடுப்பும் அறைக்குள் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்; உரிமம் தருகிறவர்கள் அதைச் சோதிக்க வேண்டும். கூடுதலாக ஒரு கம்பளி கொடுத்தால் அந்த இரவு கழிந்துவிடும்.

ஏற்கெனவே உள்ளே மாட்டியவர்கள் மெக்கானிக் வரும்வரை காத்திருக்க வேண்டாம். குளிக்கும் முன் வாளியில் வெந்நீரைப் பிடித்துக்கொண்டு, கீசரை அணைத்து, ஜன்னலைக் கொஞ்ச நேரம் திறந்து வைத்த பிறகு உள்ளே போகலாம்.