குறுக்கெழுத்தின் நியாயம்

நாட்டில் எத்தனையோ பெரிய பிரச்னைகள் இருக்க, பத்திரிகையில் வரும் குறுக்கெழுத்துப் புதிரைப் பற்றித் தலையங்கம் எழுதுவதா என்று வாசகர்களிற் சிலர் வியக்கலாம். விளையாட்டிலும் நியாயம் உண்டு, அநியாயம் உண்டு. அவ்விரண்டையும் பிரித்தறிவது அற்ப விஷயமன்று என்பது நமது அபிப்பிராயம்.

1913-ம் ஆண்டு டிசம்பர் 21-ந் தேதி 'நியூயார்க் வோர்ல்டு' பத்திரிகையில் ஆர்தர் வின் என்பவர் வைர வடிவில் அமைத்து வெளியிட்ட புதிரே இக்காலக் குறுக்கெழுத்துக்கு மூலம். இங்கிலாந்து சென்றதும் அது கடினமான வேறொரு உருவம் கொண்டது. 'அப்ஸர்வர்' பத்திரிகையில் 1926 முதல் புதிர் அமைத்த எட்வர்டு பவிஸ் மாதர்ஸ், ஸ்பெயின் தேசத்து மத விசாரணைத் தலைவன் டார்க்கமாடாவின் பெயரைப் புனைந்துகொண்டார். 1939-ல் அவர் இறந்தபின் அவ்விடத்துக்கு வந்த டெரிக் மக்நட், மற்றொரு விசாரணைத் தலைவன் பெயரால் 'ஸிமெனிஸ்' ஆனார். பெயர் கொடியது, முறையோ நியாயமானது. குறிப்பில் விடையின் பொருள் சரியாக இருக்க வேண்டும். எழுத்துக்களைக் கொண்டு அதை அடையும் வழியும் இருக்க வேண்டும். வீண் சொல் ஒன்றும் கூடாது. இதுவே அவர் வற்புறுத்திய முறையின் சாரம்.

இது தமிழுக்கு அந்நியமன்று. சிலேடையிலும் விடுகதையிலும் வளர்ந்தவர்கள் நாம். 'கழுத்தில் விழும் பொழுது' என்று இரண்டெழுத்துக்கு ஒரு குறிப்புக் கொடுத்தால், படிப்பவர் மனம் எது விழும், எப்பொழுது விழும் என்று அலையும். 'பொழுது' என்பதைத் தனியே பிரித்து நிறுத்தினால் விடை 'மாலை' என்பது வெளிப்படை. கழுத்தில் விழுவதும் மாலை, பொழுதும் மாலை. 'கொடு என்றதும் மான் வர, குளத்தில் மலர்ந்தது' என்றால், கொடு என்பது 'தா', மான் வகையில் ஒன்று 'மரை', விடை தாமரை. இங்கே மறைவு உண்டு, வஞ்சகம் இல்லை. விடையைக் கண்டவர், அது சரியா என்று ஒருவரையும் கேட்க வேண்டியதில்லை. குறிப்பே சாட்சி, குறிப்பே தீர்ப்பு. புதிர் அமைப்பவர் தோற்பதற்கென்றே போராடுகிறார் என்று சொன்னாலும் தவறில்லை. கடைசியில் வாசகர் வெல்லாவிடில் அவருடைய பிரயாசை வீணே.

இதற்கு நேர் விரோதமானதொரு வகையும் உண்டு. 'வாழ்க்கையில் மனிதனுக்கு வேண்டுவது ப-ம்' என்று நடுவில் ஓர் எழுத்தை விட்டுவிட்டால், பணமா, பலமா, பயமா? மூன்றுக்கும் காரணம் சொல்லலாம். பிரசுரகர்த்தர் முத்திரையிட்டு வைத்த உறைக்குள் எது இருக்கிறதோ அதுவே விடை. கட்டணம் செலுத்தி எழுதுகிறவருடைய கல்வியும் சிந்தனையும் அங்கே செல்லாக் காசு. நம் நாட்டில் இத்தகைய பரிசுப் போட்டிகள் பெருகிய காலம் உண்டு. அறிவுப் பயிற்சி என்ற போர்வையில் ஏழை எளியவர்களின் காசைப் பறிப்பது விளையாட்டாகாது.

சட்டமும் இவ்வேற்றுமையைக் கண்டது. 1955-ம் ஆண்டின் பரிசுப் போட்டிகள் சட்டம், குறுக்கெழுத்துப் போட்டியைப் பெயர் சொல்லியே குறிப்பிட்டு, மாதமொன்றுக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட பரிசுகளைத் தடுத்தது. 1957-ல் சமர்பாக்வாலா வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு, அச்சட்டம் சூதாட்டத் தன்மையுள்ள போட்டிகளுக்கே பொருந்தும் என்றும், வெற்றி கணிசமான அளவு திறமையைப் பொறுத்திருக்கும் போட்டிகளுக்குப் பொருந்தாது என்றும் தீர்ப்பளித்தது. இரண்டும் வெளித் தோற்றத்தில் ஒரே கட்டங்கள்தாம். ஆனால் ஒன்று விவகாரம் பேசித் தீர்ப்புப் பெறுவது. மற்றொன்று சீட்டுக் குலுக்கிப் பார்ப்பது.

தமிழில் நல்ல குறுக்கெழுத்து அமைப்பது எளிதன்று என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆங்கிலத்தில் இருபத்தாறு எழுத்துக்கள், நமக்கோ 247. மேலே காட்டிய மாலையும் தாமரையும்கூட ஒன்றையொன்று வெட்டிச் செல்ல முடியாது. 'மா' வேறு, 'ம' வேறு. சொற்கள் குறுக்கே சந்திக்கும் இடங்கள் அருமையாதலால், அமைப்பவருக்குச் சொல்வளம் அதிகம் வேண்டும். சிரமமான வேலையென்று அதைக் கைவிட்டு, எவ்வெழுத்தும் பொருந்தும் மழுப்பலான குறிப்புக்களைக் கொடுத்துத் திருப்தியடைவது தமிழுக்கும் பெருமையன்று, வாசகருக்கும் மரியாதையன்று.

ஆகவே பத்திரிகாசிரியர்களுக்கு நாம் சொல்வது இது: பரிசைப் பெரிதாக்க வேண்டாம், குறிப்பை நேர்மையாக்குங்கள். விடையை வெளியிடும்போது காரணத்தையும் வெளியிடுங்கள். காரணம் சொல்ல முடியாத விடையைப் புதிரில் சேர்க்காதீர்கள். வாசகர்களும் விடை சரியா என்று பார்ப்பதோடு நில்லாமல், ஏன் சரி என்று கேட்க வேண்டும். நியாயமான குறிப்பிடம் தோற்பதில் அவமானம் இல்லை. அடுத்த நாள் விடையைக் கண்டு 'அடடா, கண் முன்னே இருந்ததே!' என்று வாய்விட்டுச் சொல்லும் தோல்வி, பல வெற்றிகளைவிட இனியது.