மைக்ரேனும் ஊரார் விசாரணைக் கமிஷனும்

"மைக்ரேன்" என்று வாயைத் திறந்தால் போதும், எங்கள் பிராஞ்சில் விசாரணைக் கமிஷன் உட்கார்ந்துவிடும். நேத்து என்ன சாப்பிட்டீங்க? சாக்லேட்டா? ராத்திரி கண் முழிச்சீங்களா? லக்னோவுக்கு மாற்றலாகி வந்து ஆறு வருஷம். பாஷைதான் மாறியது, கேள்வி மாறவில்லை. மன்னார்குடியில் சித்தி கேட்டதையே இங்கே கேஷியர் இந்தியில் கேட்கிறார்.

நான் படித்தது பி.காம்., டாக்டருக்கு இல்லை. ஆனால் இருபது வருஷமாக இந்த வலியோடு குடித்தனம் நடத்துகிறவன். அந்த உரிமையில் சொல்கிறேன், தூண்டிவிடுவது வேறு, காரணம் வேறு. ஒரு கணக்கு வாராக்கடன் ஆனதற்குக் கடைசியாகத் திரும்பிய செக்கையா காரணம் என்று எழுதுவோம்? மைக்ரேன் மூளை சம்பந்தப்பட்ட நோய், பல குடும்பங்களில் பரம்பரையாக வருவது. அதில் சிஜிஆர்பி என்ற பொருளின் பங்கைக் கண்டுபிடித்தவர்களுக்கு 2021-இல் பிரெயின் பிரைஸ் கொடுத்தார்கள். சாக்லேட் தின்றவர்களைத் திட்டியதற்காகக் கொடுக்கவில்லை :-)

சாக்லேட் கதையே தலைகீழாக இருக்கலாம். வலி வருவதற்குச் சில மணி நேரம் முன்பே, சிலருக்கு முந்தின நாளே, கொட்டாவி, கழுத்துப் பிடிப்பு, இனிப்பு மேல் ஆசை எல்லாம் வரும். நோய் ஏற்கெனவே கிளம்பிவிட்டது, நாம் அப்புறம்தான் சாக்லேட்டைப் பிரிக்கிறோம். பழி சாக்லேட் மேல்!

2013-இல் டென்மார்க்கில் ஒரு ஆய்வு வெளிவந்தது. வெளிச்சமோ கடும் உடற்பயிற்சியோ பட்டால் கண்ணில் மின்னல் கோடு தெரிந்து தலைவலி வரும் என்று சொன்ன 27 பேருக்கு அதையே வேண்டுமென்றே கொடுத்துப் பார்த்தார்கள். 3 பேருக்குத்தான் அந்த வகை வந்தது, இன்னும் 3 பேருக்குச் சாதாரண மைக்ரேன்.

அதற்காகத் தூண்டுதலே இல்லை என்று சொல்ல வரவில்லை. வேளை தவறிய சாப்பாடு, தூக்கம் குறைவது (கூடுவதும்தான்), வழக்கமான காபியைத் திடீரென்று நிறுத்துவது, மாதவிடாய் நாட்கள். இவற்றுக்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. தலைக்குக் குளித்தால் வரும் என்பதையும் கிண்டல் செய்ய வேண்டாம். மும்பை டாக்டர் ரவிசங்கர் 2006-இல் அப்படி 94 நோயாளிகளைப் பற்றி எழுதியிருக்கிறார். டென்ஷன் இருக்கும்போது வராமல் டென்ஷன் இறங்கியதும் பிடித்துக்கொள்வதும் உண்டு. மார்ச் 31 குளோசிங்கை ஜம்மென்று முடித்துவிட்டு ஏப்ரலில் இருட்டறையில் படுத்துக் கிடக்கும் ஆபீசர்களை எனக்குத் தெரியும். "வேலை இருந்தப்போ நல்லாத்தானே இருந்தான்" என்பார்கள்.

எனக்கு எரிச்சல் எங்கே என்றால், இந்தப் பட்டியல் குற்றப்பத்திரிகை ஆவதில். ஆண்களைவிடச் சுமார் மூன்று மடங்கு பெண்களுக்கு வருகிற நோய் இது. முன்பு நான் வேலை பார்த்த பிராஞ்சில் கவுன்ட்டரில் ஒரு பெண். கர்வா சௌத் அன்று தண்ணீர்கூடக் குடிக்காமல் விரதம், சாயங்காலம் வாந்தி. லீவு கேட்டபோது மேலதிகாரி சொன்னது ஒரே வார்த்தை, "நக்ரா". விரதம் இருக்கச் சொன்னதும் இதே ஊர்தான், வலி வந்தால் நடிப்பு என்பதும் இதே ஊர்தான்.

லீவு கிடைக்காதவர் என்ன செய்வார்? மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை. இங்கேதான் ஆபத்து. சாதாரண வலி மாத்திரை மாதத்தில் 15 நாள், கூட்டு மாத்திரையோ டிரிப்டானோ என்றால் 10 நாள், இப்படி மூன்று மாதத்துக்கு மேல் போனால் மாத்திரையே தலைவலியைக் கொண்டு வரும். அந்தப் பெண்ணின் டிராயரில் அட்டை அட்டையாக இருந்தது. அடிக்கடி வராமல் தடுக்கத் தனி மருந்துகள் இருக்கின்றன என்று அவரிடம் யாருமே சொல்லியிருக்கவில்லை. என்ன சாப்பிட்டீங்க என்று மட்டும் எல்லோரும் கேட்டிருக்கிறார்கள்.

மேனேஜர் சார்களே, சர்க்கரை நோயாளி மணி அடித்தாற்போல் சாப்பிட வேண்டும் என்றால் ஒத்துக்கொள்கிறீர்கள். அதே அரை மணி நேர லஞ்சை இவர்களுக்கும், கூட்டம் எவ்வளவு இருந்தாலும், விடுங்கள். அப்படியே அந்த மூணாவது கவுன்ட்டருக்கு மேலே சிமிட்டிக்கொண்டிருக்கும் டியூப் லைட்டையும் மாற்றச் சொல்லுங்கள். அதற்குச் சாங்ஷன் வாங்க ஜோனல் ஆபீஸ் வரை போக வேண்டியதில்லை.