முளை அடிப்பதற்கு முன்னால்

அமெரிக்காவின் இராணுவப் பயிற்சி நிலங்களைச் சுரங்கங்களிடமிருந்து காக்கக் கோரும் சாசனம்

அமெரிக்க நாடாளுமன்றத்தின் இரு அவைகளுக்கும், பொது நிலங்களைக் கவனிக்கும் உள்துறைக்கும், பாதுகாப்புத் துறைக்கும் இந்தச் சாசனத்தை முன்வைக்கிறோம். நெவாடா, அரிசோனா, கலிபோர்னியா பாலைநிலங்களில் இராணுவம் பயிற்சி எடுக்கும் பரப்பில் பெரும்பகுதி பொது நிலம். நாட்டு மக்கள் அத்தனை பேருக்கும் அதில் பாத்தியதை உண்டு. அந்தப் பாத்தியதையில் பேசுகிறோம்.

1872 மே 10 அன்று குடியரசுத் தலைவர் யுலிசிஸ் கிராண்ட் கையெழுத்திட்ட சுரங்கச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. தங்கம், வெள்ளி, செம்பு, லித்தியம் போன்ற கனிமங்களைத் தேடி, திறந்து கிடக்கும் பொது நிலத்துக்குள் அமெரிக்கக் குடிமக்கள் எவரும், அமெரிக்காவில் பதிவான எந்த நிறுவனமும் நுழையலாம். சுமார் 20 ஏக்கரை அளந்து, எல்லைகளில் முளை நட்டு, அறிவிப்புத் தாளை ஒரு முளையில் செருகி, உள்ளூர்ப் பதிவாளரிடமும் நில நிர்வாகப் பணியகத்திடமும் பதிந்துவிட்டால் அது ஒரு கிளெய்ம். ஆண்டுக்கு 200 டாலர் கட்டிவந்தால் கிளெய்ம் நிலைக்கும். எடுக்கும் கனிமத்துக்கு மைய அரசுக்கு ராயல்டி என்று ஒரு சென்ட் கிடையாது. ஐந்து ஏக்கருக்கு மேற்படாத ஆய்வுத் தோண்டல் என்றால், 15 நாள் முன்னதாகப் பணியகத்துக்கு அறிவித்தால் போதும். விரிவான சுற்றுச்சூழல் ஆய்வு எதுவும் வேண்டியதில்லை.

நெவாடாவில் அந்த முளைகளைக் கிட்டப் போய்ப் பார்த்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். பல ஆண்டுகள் வெள்ளை பிளாஸ்டிக் குழாயையே முளையாக நட்டார்கள். விலை குறைவு, தூரத்திலிருந்தே கண்ணில் படும். வாய் திறந்த குழாயைப் பொந்து என்று எண்ணிச் சிறு பறவைகள் உள்ளே இறங்கின. வழுவழுப்பான உட்சுவரில் நகம் பிடிக்கவில்லை. சிறகு விரிக்க இடமில்லை. உள்ளேயே செத்தன. இறகும் எலும்புமாக ஒன்றின்மேல் ஒன்று கிடந்த பறவைகளை அந்தக் குழாய்களிலிருந்து எடுத்திருக்கிறார்கள். கடைசியில் மாநில அரசே சட்டம் போட்டு அவற்றைத் தடுக்க வேண்டியதாயிற்று. மண்ணில் ஒரு குழிகூட விழுவதற்கு முன்பு, வெறும் எல்லை அடையாளம் செய்த வேலை இது.

இந்தச் சட்டத்தின் பிடியிலிருந்து ஒரு நிலத்தை வெளியே எடுக்க ஒரே வழி, அதை முறைப்படி விலக்கி வைப்பது. மைய அரசு ஒரு பரப்பைக் குறிப்பிட்டு, இனி இங்கே புதிய கிளெய்ம் செல்லாது, இந்த நிலம் இன்ன காரியத்துக்கு மட்டும் என்று அறிவிப்பதே நில விலக்கு. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகும் இராணுவம் லட்சக்கணக்கான ஏக்கர்களைக் கேட்டுக்கொண்டே போனதால், 1958-ல் எங்கிள் சட்டம் வந்தது. 5,000 ஏக்கருக்கு மேல் இராணுவத்துக்கு ஒதுக்க வேண்டுமானால் நாடாளுமன்றமே சட்டம் இயற்ற வேண்டும் என்று அது விதித்தது. நல்ல சட்டம், அதில் ஓர் எழுத்தைக்கூடத் தளர்த்தக் கூடாது. எங்கள் கவலை வேறு. சட்டம் வந்து சேர்வதற்குள் முளை வந்து சேர்ந்துவிடுகிறது. விலக்கு எவ்வளவு உறுதியாக இருந்தாலும், அதற்கு முன்பே முறையாக ஏற்பட்ட உரிமையை அது அழிக்காது. ஆகவே நாள் தவறினால் எல்லாம் தவறும்.

நெவாடாவின் ஃபாலன் கடற்படை விமானத் தளத்தை எடுத்துக்கொள்வோம். 1996 முதல் டாப் கன் எனும் போர் விமானிப் பயிற்சிப் பள்ளி இயங்குவது இங்கேதான். இன்றைய குண்டுகளை விமானம் நெடுந்தொலைவிலிருந்தே விடுகிறது. ஒன்று குறி தவறினால் எங்கே போய் விழும் என்று கணக்கிட்டு, அந்தப் பரப்பு முழுவதும் ஆளில்லாமல் இருக்க வேண்டும். அந்தப் பரப்புக்குள் ஒரு துளையிடும் இயந்திரம், நான்கு தொழிலாளர்கள், ஒரு தண்ணீர் லாரி இருந்தால் அன்றைய பயிற்சி நின்றுபோகும். இரவுப் பயிற்சிக்கு இருட்டு வேண்டும். சுரங்கமோ விடிய விடிய விளக்கெரியும் இடம். மின்கம்பியும் கோபுரமும் தாழப் பறக்கும் ஹெலிகாப்டருக்கு எமன். தொழிலாளிக்கும் ஆபத்து குறைவில்லை. பல பத்தாண்டுகளாகக் குண்டு விழுந்த மண்ணில் வெடிக்காதவை எத்தனை புதைந்து கிடக்கின்றன என்பது தோண்டுகிறவருக்குத் தெரியாது.

ஃபாலன் விரிவாக்கத்துக்காக 2016-ல் ஆறு லட்சம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தில் புதிய கிளெய்ம்களைத் தற்காலிகமாக நிறுத்தினார்கள். 1976-ம் ஆண்டின் பொது நிலச் சட்டப்படி அந்தத் தடைக்கு ஆயுள் இரண்டே ஆண்டு. நாடாளுமன்றம் முடிவெடுத்ததோ 2022 டிசம்பரில். இடைப்பட்ட காலத்தை அடுத்தடுத்த தற்காலிக உத்தரவுகளால் ஓட்ட வேண்டியிருந்தது. கடைசியில் சுமார் 5,58,000 ஏக்கர் புதிதாக விலக்கப்பட்டது. ஓர் அதிகாரி ஓர் உத்தரவைப் புதுப்பிக்கத் தவறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே அச்சமாக இருக்கிறது.

எனவே எங்கள் முதல் கோரிக்கை காலத்தைப் பற்றியது. இராணுவப் பயிற்சிக்கான விலக்கு விண்ணப்பம் முறைப்படி அறிவிக்கப்பட்ட நாளிலிருந்து, நாடாளுமன்றம் ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லும் நாள் வரை, தற்காலிகத் தடை தானாகவே தொடர வேண்டும். புதுப்பித்தலுக்கும் இதே விதி வேண்டும். 1986-ன் சட்டம் ஆறு பயிற்சித் தளங்களுக்கு 15 ஆண்டு கொடுத்தது. 1999-ன் சட்டம் அவற்றில் சிலவற்றுக்கு 20, சிலவற்றுக்கு 25 ஆண்டு கொடுத்தது. ஒவ்வொரு முறையும் கெடு நெருங்கியபோது கடைசி நேர ஓட்டம்தான். கெடு முடிந்த மறுநாள் காலை அந்த நிலம் 1872-ன் கைக்குத் திரும்பும் வாய்ப்பே இருக்கக் கூடாது. கெடுவுக்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே ஆய்வறிக்கையைப் பொதுமக்கள் முன் வைக்க வேண்டும் என்பதைச் சட்டமாக எழுதுங்கள்.

இரண்டாவது, பழைய கிளெய்ம்கள். விலக்கு அறிவிக்கப்படும்போது அந்த நிலத்தில் ஏற்கெனவே இருக்கும் ஒவ்வொரு கிளெய்மையும் பணியகத்தின் கனிம வல்லுநர்கள் நேரில் சென்று சோதிக்கட்டும். அங்கே உண்மையில் இலாபத்துக்கு எடுக்கத்தக்க கனிமம் இருந்தால், உரியவருக்கு நியாயமான விலை கொடுத்து அரசு வாங்கிக்கொள்ளட்டும். தலைமுறையாக ஒரு சிறு சுரங்கத்தை நம்பி வாழும் குடும்பம் தெருவுக்கு வரக் கூடாது என்பதில் எங்களுக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் விலக்குச் செய்தி கசிந்த பிறகு, இழப்பீடு வாங்குவதற்கென்றே நடப்பட்ட முளைக்கு மக்கள் வரிப்பணத்திலிருந்து ஒரு டாலரும் போகக் கூடாது.

சுரங்கமும் பயிற்சியும் ஒரே நிலத்தில் இருந்தே தீர வேண்டிய இடமும் உண்டு. மொன்டானாவின் லைம்ஸ்டோன் ஹில்ஸில் மாநிலத் தேசியக் காவல்படை பல பத்தாண்டுகளாகப் பயிற்சி எடுக்கிறது. பக்கத்திலேயே சுண்ணாம்புக்கல் சுரங்கம் நடக்கிறது. 2013 டிசம்பரில் சுமார் 18,600 ஏக்கரை விலக்கியபோது, சுரங்கம் தொடர்வதற்கான ஏற்பாட்டையும் அந்தச் சட்டத்திலேயே எழுதினார்கள். இப்படி வெளிப்படையாக, அந்த ஓர் இடத்துக்கு மட்டும் எழுதப்படும் விதிவிலக்கை ஏற்கிறோம். கதவை மூடிக்கொண்டு செய்யும் தனி ஒப்பந்தங்களை ஏற்க மாட்டோம்.

அடுத்ததாக நாங்கள் சொல்ல வருவது இராணுவத்துக்குப் பிடிக்காமல் போகலாம். விலக்கு என்பது இராணுவத்துக்கு எழுதிக்கொடுத்த பட்டா ஆகாது. நிலம் பொது நிலமாகவே தொடர்கிறது. இராணுவம் அதன் காவல்காரர். காவல் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு அரிசோனாவின் பாரி கோல்ட்வாட்டர் தளத்திலேயே சான்று இருக்கிறது. சுமார் 17 லட்சம் ஏக்கர். 1941 முதல் குண்டுவீச்சுப் பயிற்சி நடக்கும் இடம். சோனோரன் ப்ராங்ஹார்ன் என்ற மான் போன்ற விலங்கின் கடைசிப் புகலிடங்களில் ஒன்றும் அதுதான். 2002-ம் ஆண்டின் வறட்சியில் அமெரிக்கப் பக்கத்தில் அது இருபது சொச்சமாகக் குறைந்துபோனது. அதன் பிறகு வேலியடைப்புக்குள் வளர்த்துப் பெருக்கி மெல்ல மெல்லக் காட்டுக்கு விட்டார்கள். பயிற்சி தொடங்குவதற்கு முன் உயிரியலாளர்கள் குன்றின் மேல் ஏறி, தொலைநோக்கியால் இலக்குப் பகுதியைச் சல்லடை போடுகிறார்கள். அருகில் ஒரு ப்ராங்ஹார்ன் தென்பட்டாலும் அந்த இலக்கில் அன்று குண்டு விழாது. விமானி வேறு இலக்குக்குப் போகிறார்.

அந்தத் தளத்தின் விளிம்பில் அஹோ என்ற ஊர் இருக்கிறது. 1985-ல் மூடப்பட்ட நியூ கொர்னேலியா செம்புச் சுரங்கத்தின் குழி ஊரை ஒட்டியே வாய் பிளந்து கிடக்கிறது. குண்டு விழுந்த பள்ளத்தைச் சுற்றியும் சாகுவாரோ கள்ளி வளர்வதைப் பார்க்கலாம். மலையைக் குடைந்து எடுத்த அந்தக் குழியில் மலை திரும்ப வரப்போவதில்லை. குண்டுவீச்சை நாங்கள் புகழவில்லை. இரண்டு கேடுகளில் எது மீளக்கூடியது என்று பார்த்தே இந்தப் பக்கம் நிற்கிறோம்.

ஆகவே மூன்றாவதாக, ஒவ்வொரு விலக்குச் சட்டத்திலும் இவை இடம்பெற வேண்டும்: வனவிலங்குப் பொறுப்புக்குத் தனி நிதி, வெடிக்காத குண்டுகளை ஆண்டுதோறும் அகற்றிக் கணக்குக் காட்டும் கடமை, நிலத்தைத் திருப்பித் தரும் நாளில் துப்புரவாக்கித் தரும் பொறுப்பு. நெவாடாவின் வாக்கர் ரிவர் பையூட் மக்களின் குடியிருப்பு நிலத்துக்குள் பல பத்தாண்டுகளாகப் பயிற்சிக் குண்டுகள் எல்லை தாண்டி விழுந்தன. 2022-ன் சட்டம் அவர்களுக்கு 2 கோடி டாலர் இழப்பீடு ஒதுக்கியது. ஃபாலன் பையூட்-ஷோஷோனி மக்களுக்கும் அதே அளவு ஒதுக்கியது. பணம் வந்தது நல்லது, ஆனால் அதற்கு எவ்வளவு காலம் காக்க வைத்தோம்! பழங்குடியினரின் இடுகாடுகளும் வழிபாட்டிடங்களும் விலக்கு எல்லைக்குள் வரும் இடங்களில் அவர்கள் போய்வரும் நாட்களைச் சட்டமே உறுதி செய்யட்டும். தளபதி மாறும்போதெல்லாம் மனுப் போட்டுக் காத்திருக்கும் நிலை வேண்டாம். கலிபோர்னியாவின் சீனா லேக் தளத்துக்குள் கோசோ மலைப் பாறைகளில் முன்னோர் கீறிய ஆயிரக்கணக்கான காட்டாடுகள் இன்னும் அழியாமல் இருக்கின்றன. சுரங்கம் நுழையாததும் ஒரு காரணம். அந்த ஆடுகளைச் செதுக்கியவர்களின் பேரப்பிள்ளைகள் அவற்றைப் பார்ப்பதற்கு யாரையும் கெஞ்சும் நிலை இருக்கக் கூடாது.

நான்காவதாக, காவல் என்ற பெயரில் எல்லையை நீட்டிக்கொண்டே போவதையும் எதிர்க்கிறோம். நெவாடாவின் நெல்லிஸ் விமானப்படைப் பயிற்சித் தளம் 1936-ல் உருவான டெசர்ட் வனவிலங்குச் சரணாலயத்தின் பெரும்பகுதியை ஏற்கெனவே தன்னுள் வைத்திருக்கிறது. விமானப்படை மேலும் சுமார் மூன்று லட்சம் ஏக்கர் கேட்டபோது நெவாடா மக்களும் பழங்குடியினரும் எதிர்த்தார்கள். நாடாளுமன்றம் விரிவாக்கத்தை மறுத்து, இருக்கும் எல்லைக்கு மட்டும் 25 ஆண்டு நீட்டிப்புத் தந்தது. அதுவே சரியான தீர்ப்பு.

இன்னொன்றைக் கடுமையாகவே சொல்கிறோம். பயிற்சி நிலங்களைக் காக்கும் விதிகள் பெரும்பாலும் ஆண்டுதோறும் நிறைவேறும் பாதுகாப்புத் துறைச் சட்டத்துக்குள் இருக்கின்றன. அதே வாகனத்தில் ஏறித்தான் அவற்றுக்கு எதிரானதும் வந்தது. அரிசோனாவின் ஓக் ஃபிளாட் அப்பாச்சி மக்களின் புனித இடம். ஐசன்ஹோவர் காலத்தில், 1955-ல், அங்குள்ள முகாம் பகுதி சுரங்கத்திலிருந்து விலக்கி வைக்கப்பட்டது. 2014 டிசம்பரில் பாதுகாப்புத் துறைச் சட்டத்துக்குள் செருகிய ஒரு பிரிவு, அந்த இடம் உட்பட சுமார் 2,400 ஏக்கரை ரியோ டின்டோவும் பிஎச்பியும் பங்கு வைத்திருக்கும் செம்பு நிறுவனத்துக்கு நிலமாற்றாகக் கொடுக்க வழி செய்தது. தனி விவாதமும் தனி வாக்கெடுப்பும் இல்லாமல் எந்த நில விலக்கையும் நீக்கக் கூடாது. படைவீரர் சம்பளத்தைச் சுமந்து வரும் சட்டத்தின் முதுகில் ஏற்றி நீக்கவே கூடாது. இது எங்கள் ஐந்தாவது கோரிக்கை. இதில் விட்டுக்கொடுப்பதற்கு எங்களிடம் எதுவும் இல்லை.

1872-ன் சட்டத்தையே திருத்தி, ராயல்டி விதித்து, எங்கே தோண்டலாம் என்று முடிவெடுக்கும் அதிகாரத்தை நில நிர்வாகப் பணியகத்துக்குத் தர வேண்டும் என்பதும் எங்கள் கோரிக்கையே. அது நடக்கும்வரை காத்திருக்க நேரமில்லாததால்தான் விலக்கைக் கேட்கிறோம்.

2013-ன் சட்டப்படி சீனா லேக், லைம்ஸ்டோன் ஹில்ஸ் இரண்டின் கெடுவும் 2039 மார்ச் மாதம் முடிகிறது. நாங்கள் கேட்கும் ஐந்தாண்டு விதியின்படி இவற்றின் ஆய்வறிக்கை 2034-ல் மக்கள் கைக்கு வர வேண்டும். கள ஆய்வுக்கும் பழங்குடி அரசுகளுடன் கலந்து பேசுவதற்கும் இரண்டு மூன்று ஆண்டு பிடிக்கும். அதற்கான நிதியை எந்த ஆண்டின் பட்ஜெட்டில் சேர்க்கப் போகிறீர்கள், எந்த அதிகாரியைப் பொறுப்பாக்கப் போகிறீர்கள் என்பதை இரு துறைகளும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.