பெயர் மாற்றி ஓடிய குதிரை

சதியை ஒழித்த வில்லியம் பெண்டிங் பிரபுவைப் பள்ளிப் பாடத்தில் எல்லோரும் படித்திருப்போம். 1806ல் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தபோது சென்னை கவர்னராக இருந்தவரும் அவர்தான். அவருடைய அண்ணன் மகன் ஜார்ஜ் பெண்டிங் பிரபு (1802-1848) எந்தப் பாடத்திலும் வருவதில்லை. ஆனால் வணிகவியல் படிக்கிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஆள்.

போர்ட்லண்ட் டியூக்கின் மகன். 1828ல் எம்.பி. ஆனவர், பதினெட்டு வருடம் சபையில் அதிகம் வாய் திறக்கவில்லை. மனசெல்லாம் குதிரை லாயத்தில்! அந்தக் காலத்தில் பந்தயக் குதிரைகள் ஊர் விட்டு ஊர் நடந்தேதான் போகும். 1836ல் டான்காஸ்டர் பந்தயம் நெருங்கியும் அவருடைய எலிஸ் என்ற குதிரை தெற்கே குட்வுட்டிலேயே நின்றது. இனி நடந்து வந்து சேராது என்று எல்லோரும் முடிவு கட்டினார்கள். பெண்டிங் ஒரு மூடுவண்டி செய்து, அதில் எலிஸை ஏற்றி, வேறு குதிரைகளைப் பூட்டி அனுப்பினார். எலிஸ் ஜெயித்தது.

அடுத்தது 1844 டெர்பி. மூன்று வயதுக் குதிரைகள் மட்டுமே ஓடலாம். ஜெயித்த 'ரன்னிங் ரெய்ன்' உண்மையில் மக்காபியஸ் என்ற நான்கு வயதுக் குதிரை! அலைந்து திரிந்து சாட்சிகளைத் திரட்டி அந்த மோசடியை உடைத்தவர் பெண்டிங். பரிசு, இரண்டாவதாக வந்த குதிரையின் சொந்தக்காரரான கர்னல் பீலுக்குப் போனது. பிரதமர் ராபர்ட் பீலின் தம்பி அவர். (பெண்டிங்கின் சொந்தப் பந்தய நடத்தையும் அப்படியொன்றும் சுத்தமில்லை என்று அவருடைய அத்தை மகன் கிரெவில் டைரியில் எழுதி வைத்திருக்கிறார்.)

சரி, அரசியலுக்கு வருவோம். வெளிநாட்டுத் தானியத்தைத் தடுத்து உள்நாட்டு விலையைத் தூக்கி நிறுத்தியவை தானியச் சட்டங்கள். லாபம் நிலப்பிரபுக்களுக்கு, விலை ஏறியது ஏழையின் ரொட்டி. அந்தச் சட்டத்தைக் காப்பாற்றும் என்று நம்பி 1841ல் விவசாயப் பகுதிகள் ஓட்டுப் போட்ட கட்சி பீலுடையது. அயர்லாந்தில் உருளைக்கிழங்கு அழுகியபின், 1846ல் அதே பீல் சட்டத்தை ரத்து செய்தார்.

பெண்டிங் கொதித்துப் போனார். அவர் கண்ணுக்கு இதுவும் பெயர் மாற்றி ஓடிய குதிரைதான். டிஸ்ரேலியோடு சேர்ந்து போராடினார், தன் குதிரைகளையும் மொத்தமாக விற்றுவிட்டார். ரத்தைத் தடுக்க முடியவில்லை. பீல் ஆட்சியைக் கவிழ்க்க முடிந்தது. அவர் விற்ற குதிரைகளில் ஒன்றான சர்ப்ளைஸ் 1848ல் டெர்பி ஜெயித்தது. வாழ்நாள் முழுக்க ஏங்கிய பரிசு இன்னொருவர் கைக்குப் போனதை எண்ணி அவர் முனகியதை டிஸ்ரேலி பதிவு செய்திருக்கிறார். அதே செப்டம்பரில், 46 வயதில், நடந்து போகும் வழியிலேயே விழுந்து இறந்தார்.

தியாகம் பெரியதுதான். ஆனால் தியாகம் செய்ததாலேயே கொள்கை சரியாகிவிடுமா? மைதானத்தின் விதியை அப்படியே சபைக்குக் கொண்டு வந்ததில்தான் அவர் சறுக்கினார். பந்தயத்தில் பணம் கட்டியவனுக்கு மட்டும் பதில் சொன்னால் போதும். அரசாங்கம் ஓட்டே இல்லாத பட்டினிக்காரனுக்கும் பதில் சொல்ல வேண்டும். பீல் உடைத்தது ஓட்டுப் போட்டவர்களின் நம்பிக்கையை. காப்பாற்ற நினைத்தது பசித்தவர்களின் வயிற்றை.

அதற்காக அவரை ஈரமில்லாதவர் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. 1847ல் அயர்லாந்தில் வேலை கொடுக்க, அரசுக் கடனில் ரயில் பாதை போடும் மசோதா கொண்டு வந்தார். தோற்றது. அதே வருடக் கடைசியில், யூதர்களை நாடாளுமன்றத்தில் அனுமதிக்கும் தீர்மானத்தைச் சொந்தக் கட்சியே எதிர்த்தும் ஆதரித்து ஓட்டுப் போட்டார். தலைமைப் பதவி போனது. முதல் யூத உறுப்பினர் ராத்ஸ்சைல்ட் சபையில் அமர்ந்தது 1858ல்தான்.

ஜார்ஜ் பெண்டிங்கை மதிக்க வேண்டுமென்றால், குதிரைகளை விற்றதற்காக அல்ல, இந்த ஒரு ஓட்டுக்காக மதிக்கலாம். முதலாவதில் அவர் காத்தது தன்னைப் போன்ற நிலக்காரர்களின் லாபத்தை. இரண்டாவதில் அவருக்கு ஒரு பைசா லாபமில்லை.