பிள்ளையின் கைத்திறனையும் மதிப்போம்

உயர்தரப் பெறுபேறு வெளியாகும் நாளில் வடக்கில் பல வீடுகள் சாவீடு போலாகின்றன. பல்கலைக்கழகம் கிடைக்காவிட்டால் பிள்ளையின் வாழ்வே முடிந்தது என்று பெற்றோர் உடைந்துபோகிறார்கள். இந்த நினைப்பு மாறவேண்டும்.

போர் சிதைத்த கிளிநொச்சியில், அறிவியல்நகரில், 2016இல் இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகம் திறக்கப்பட்டது. வாகனத் தொழில்நுட்பம், கட்டட நிர்மாணம், உணவுத் தொழில்நுட்பம் எனப் பல துறைகள் அங்கே உண்டு. இத்தகைய பயிற்சிகளுக்கு வழங்கப்படும் தேசிய தொழில் தகைமை (என்.வி.கியூ.) 7 மட்டங்கள் கொண்டது. 5ஆம், 6ஆம் மட்டங்கள் டிப்ளோமா. 7ஆவது பட்டத்துக்கு நிகரானது. பட்டறையில் தொடங்கும் பிள்ளைக்கும் பட்டம்வரை வழி திறந்தே இருக்கிறது. இதை எத்தனை பெற்றோர் அறிவார்கள்?

இன்னொன்றும் சொல்லவேண்டும். பாடசாலையை இடைநடுவே விட்டு, இருபது வருடம் சாந்து பூசிய மேசனும் அனுபவத்தில் கற்றதைச் சோதித்து அங்கீகரிக்கும் முன்கற்றல் மதிப்பீட்டின் மூலம் அதே என்.வி.கியூ. சான்றிதழைப் பெறலாம். இடம்பெயர்வில் படிப்பை இழந்த தலைமுறைக்கு இதைவிடப் பெரிய நீதி வேறில்லை. ஆனால் செய்தி கிராமங்களுக்குப் போய்ச் சேரவில்லை என்பதே நம் கவலை.

பெண்பிள்ளைகளை மின்னிணைப்பு, வாகனத் துறைகளுக்கு அனுப்பவும் நாம் தயங்குகிறோம். தயக்கம் நம்முடையது, அவர்களுடையதல்ல.

அதிபர்களே, பெறுபேறு வரும்வரை காத்திராதீர்கள். சாதாரண தர மாணவரையும் பெற்றோரையும் இந்த ஆண்டே ஒரு பயிற்சிப் பட்டறைக்கு அழைத்துச் செல்லுங்கள்.