தமிழ் கதைக்க வருபவரைப் பார்த்துச் சிரிக்காதீங்கோ



நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிற சிங்களச் சகோதரர்களும் வெளிநாட்டவரும் தமிழில் ரெண்டு வார்த்தை கதைக்கப் பார்க்கிறார்கள். நாங்கள் சிரிக்கிறோம், இல்லாவிட்டால் உடனே இங்கிலீசுக்கு மாறிவிடுகிறோம். அதோடு அவர்கள் வாயை மூடிவிடுகிறார்கள்.

தமிழ் அவர்களுக்கு லேசில்லை. 'கண்'ணில் வரும் ககரத்துக்கும் 'தங்க'த்தில் வரும் ககரத்துக்கும் சிங்களத்தில் வேறு வேறு எழுத்து, எங்களுக்கு ஒன்றுதான். 'ழ' அங்கே இல்லவே இல்லை. புத்தகத்தில் 'வருகிறேன்' என்று படித்துவிட்டு வந்தால் சந்தையில் 'வாறன்'. போகும்போதும் நாங்கள் 'வாறன்' என்றால் அவர் என்ன செய்வார்?

1990 அக்டோபரில் வெளியேற்றப்பட்டு, புத்தளத்தில் வளர்ந்து திரும்பிய எங்கள் பிள்ளைகளின் பேச்சையும் இங்கே சிலர் நக்கலடித்தார்கள். தாய்மொழி பேசியவர்களுக்கே அது சுட்டது.

1987இல் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழியானது. கந்தோரில் தமிழில் பதில் வேண்டும் என்று கேட்கிறோம். படிக்க முயல்பவரைச் சிரித்தே அனுப்பினால் அந்தத் தமிழ் எங்கிருந்து வரும்?

பிழையாக என்றாலும் கதைக்கிற பிள்ளைதான் கெதியாகப் படிக்கும். வகுப்பில் நாங்கள் தினமும் காண்பது இது. அடுத்த முறை யாராவது தடுமாறினால், தமிழிலேயே மெதுவாகப் பதில் சொல்லுங்கோ.